பசித்தால் யாரிடம் போவான்?

கடல் கடந்து படிக்கப் போன மூன்று பிள்ளைகளின் கதை

வடலூரில் ஓர் அடுப்பு எரிகிறது.

அது இன்று நேற்று மூட்டிய அடுப்பு அல்ல. 1867-ம் ஆண்டு மே மாதம் 23-ந் தேதி இராமலிங்க அடிகளார் மூட்டிய அடுப்பு. அன்று முதல் இன்று வரை அணையாமல் எரிகிறது. பசி என்று வருகிறவர் யாராக இருந்தாலும் தருமச்சாலையில் அவருக்குச் சோறு உண்டு. "நீ எந்த ஊர்? என்ன சாதி?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அந்தத் தருமச்சாலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு. நாம் போனபோது அந்த வீட்டில் ஒரே பரபரப்பு.

கூடத்தில் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கம்பளிச் சட்டை, இட்லிப் பொடி, புளி, மிளகாய்த்தூள், ஒரு சின்னஞ்சிறு பிரஷர் குக்கர். அந்த வீட்டுப் பிள்ளை ஜெர்மனிக்குப் போகிறான். இயந்திரப் பொறியியலில் மேல்படிப்பு. தந்தை நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர். பயணச் செலவுக்குப் பாங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

தாயார் அந்தப் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா கவலை? பிள்ளை பெரிய படிப்புக்கு அல்லவா போகிறான்!" என்றேன்.

"படிப்பைப் பத்தி எனக்குக் கவலை இல்லே தம்பி. அவன் படிச்சிடுவான். இந்த ஊர்ல பசிச்சு வந்தவன் எவனும் பட்டினி கிடக்கிறதில்லே. அந்த ஊர்ல என் புள்ளைக்குப் பசிச்சா யாருகிட்டப் போவான்?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

ஆனால், இது புதிய கேள்வி அல்ல. நம் நாட்டுத் தாய்மார்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வரும் கேள்வி. இதே கேள்வியைத் தாய்மார்களின் மனத்தில் விட்டுவிட்டு, மூன்று பிள்ளைகள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். மூவரும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்கள். மூவரும் படிப்பில் சளைக்கவில்லை. அவர்களை வாட்டியவை பசியும் தனிமையும்தான்.

அவர்கள் கதையைக் கேட்டால், அந்தத் தாயின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

தினமும் பத்து மைல் நடை

முதல் பிள்ளை மோகன்தாஸ் காந்தி. ஆம், நம் காந்தியடிகள்தான்!

1888-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பல் ஏறினார். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் பயணம். அப்போது அவருக்கு இன்னும் 19 வயதுகூட நிறையவில்லை. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

லண்டனில் இறங்கியதும் சோதனை தொடங்கியது. இரவில் வீட்டு நினைவு வந்துவிடும். கண்ணீர் பெருகும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால், உப்பும் உறைப்பும் இல்லாத வேகவைத்த காய்கறி. கூடவே இரண்டு மூன்று ரொட்டித் துண்டுகள். வயிறு நிறையாது. "இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்கக் கூச்சம்! அரைப் பட்டினியாகவே எழுந்து போவார்.

அப்புறம் என்ன செய்தார்?

அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தார். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல். எங்காவது ஒரு சைவச் சாப்பாட்டு விடுதி இருக்காதா என்று தேடினார். கடைசியில் பாரிங்டன் தெருவில் அப்படி ஒரு விடுதி கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு வந்தபின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

அந்த விடுதியில் அவருக்குக் கிடைத்தது சாப்பாடு மட்டும் அல்ல. சைவ உணவைப் பற்றிய புத்தகம் ஒன்றை அங்கே வாங்கினார். அதன் வழியாக, இங்கிலாந்திலும் சைவ உணவுக்காரர்கள் சங்கம் வைத்திருப்பதை அறிந்தார். அதில் சேர்ந்தார். அதன் செயற்குழுவிலும் இடம் பெற்றார். தாம் குடியிருந்த பகுதியில் தாமே ஒரு சிறு சங்கம் தொடங்கி, அதற்குச் செயலாளராகவும் இருந்தார்.

கூடுதலாக ஒரு ரொட்டித் துண்டு கேட்கக் கூசிய பிள்ளை, மூன்று ஆண்டுகளில் வெள்ளைக்காரர்களின் சங்கத்தில் பொறுப்பு ஏற்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்! பசிதான் அவரைத் தெருவில் இறக்கியது. தெருவில் இறங்கியதால் நண்பர்கள் கிடைத்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

இரண்டாவது பிள்ளை சீனிவாச ராமானுஜன்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லாததால் கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தார். 1913-ம் ஆண்டு ஜனவரியில், கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த கணக்குகளையும் அதனுடன் அனுப்பினார். அந்தக் கடிதம் அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

"உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றார்கள். ஆனால், கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று கருதப்பட்ட காலம் அது. தாயார் கோமளத்தம்மாள் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு ஒருவாறு சம்மதம் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுனைத் தம் குடும்பத்துக்குக் கொடுக்க ராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

குடுமியை எடுத்தார்கள். கால்சட்டை போட்டுவிட்டார்கள். கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னையில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் மாதம் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

முதல் சில வாரங்கள் நல்லபடியாகவே கழிந்தன. நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில் தங்கினார். அது கணவனும் மனைவியும் வாழ்ந்த குடும்ப வீடு. பேச ஆள் இருந்தது. ஜூன் மாதம், டிரினிட்டி கல்லூரி விடுதியில் ஓர் அறைக்குக் குடிபோனார். ஹார்டியின் அறைக்கு நாலு எட்டில் போய்விடலாம். படிப்புக்கு வசதிதான்.

ஆனால், தனிமை அங்கேதான் தொடங்கியது.

போர்வை எங்கே?

குளிர்காலம் வந்தது. மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் ஒருநாள் ராமானுஜனைப் பார்க்க வந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மேதை இவர்.

"இரவில் குளிர் தெரியாமல் தூங்குகிறீர்களா?" என்று விசாரித்தார்.

"குளிர் தாங்க முடியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன்" என்றார் ராமானுஜன்.

மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். நல்ல கம்பளிப் போர்வைகள் இருக்கவே இருந்தன! ஆனால், அவை மேல்விரிப்புக்கு அடியில், மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டிருந்தன. அந்த நாட்டு வழக்கம் அது. போர்வையை விலக்கி, அதற்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. பெரிய பெரிய கணிதப் புதிர்களை விடுவித்தவர், போர்வையின்மேல் படுத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்!

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால், சற்று யோசித்துப் பாருங்கள். மகலனோபிஸ் வந்து விசாரித்ததால் அல்லவா விஷயம் வெளியே தெரிந்தது? இவராக யாரிடமும் கேட்கவில்லை.

ஒற்றை ஆள் சமையல்

சாப்பாட்டுத் தொல்லை இன்னும் பெரியது. ராமானுஜன் கண்டிப்பான சைவர். கல்லூரி உணவுக்கூடத்தின் சமையலில் மிருகக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று அஞ்சினார். அதனால், எல்லோரும் சேர்ந்து உண்ணும் இடத்துக்குப் போகாமல், தம் அறையிலேயே தாமே பொங்கிச் சாப்பிட்டார். ஊரிலிருந்து சாமான்கள் வரவழைத்தார். பல நேரங்களில் பாலும் பழமும்தான் அவருக்குத் துணை.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. மாணவர்களில் பலர் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரி வெறிச்சோடியது. காய்கறிக்கும் தட்டுப்பாடு வந்தது. கணக்கில் மூழ்கினால் ராமானுஜனுக்கு இரவும் தெரியாது, பகலும் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு என்று சொல்ல அங்கே தாயும் இல்லை, மனைவியும் இல்லை.

ஒருமுறை இந்திய நண்பர் ஒருவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். அன்பாக ரசம் வைத்துப் பரிமாறினார். இன்னும் கொஞ்சம் என்று மறுபடியும் ஊற்றினார். மூன்றாம் முறை "போதும்" என்றார்கள் விருந்தினர். சிறிது நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது: ஐந்து பவுன் பணம் அனுப்பும்படி. தம் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்து, மனம் நொந்து, ஊரை விட்டே போயிருந்தார்.

ஒரு கரண்டி ரசத்துக்கு இவ்வளவு வருத்தமா? நம் வீட்டில், "போதும்" என்றால் சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். ஆனால், எத்தனையோ நாள் தனியே உண்டவனுக்கு, தன்னோடு உண்ண வந்தவர்கள் சொல்லும் ஒரு சொல்கூடப் பாரமாகிவிடுகிறது.

ஊரிலிருந்து ஆறுதலும் ஒழுங்காக வரவில்லை. கணவருக்குத் தாம் எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை என்று ஜானகியம்மாள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பல மருத்துவ விடுதிகளில் இருந்தார். 1918-ம் ஆண்டின் தொடக்கத்தில், மனம் உடைந்து உயிரையே விட முயன்றார் என்றும், தெய்வாதீனமாகத் தப்பினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதே ஆண்டில்தான் ராயல் சங்கத்தின் உறுப்பினர் என்ற பெருமையும், டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தன!

1919-ல் ஊர் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அன்றைய டாக்டர்கள் அவருக்குக் காசநோய் என்றார்கள். அது அமீபா என்ற கிருமியால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து எழுதினார். ஆகவே, தனிமைதான் அவரைக் கொன்றது என்று சொல்வது நியாயம் அல்ல. ஆனால், நோய்க்கு எதிராக நிற்கும் தெம்பைப் பட்டினியும் தனிமையும் கரைத்துவிட்டன என்று சொன்னால், அதை யார் மறுப்பார்கள்?

நண்பர்களைத் தேடிப் போனவர்

ராமானுஜனின் பாஸ்போர்ட் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தை ஜானகியம்மாளிடமிருந்து தேடி வாங்கி ஹார்டிக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? அவர்தான் நம் மூன்றாவது பிள்ளை, சந்திரசேகர். சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன்.

1930-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. சேர்ந்த இடமும் அதே டிரினிட்டி கல்லூரி! இவரும் சைவர். புறப்படும்போது தாயார் சீதாலட்சுமி அம்மாள் நோயாய்ப் படுத்திருந்தார். ஆனாலும், பிள்ளையைப் போய்ப் படிக்கச் சொன்னவர் அந்தத் தாய்தான். அடுத்த ஆண்டு மே மாதம் தாயார் இறந்த செய்தி வந்தது. மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

கேம்பிரிட்ஜ் அவருக்கும் தனிமையாகவே இருந்தது. ஆனால், அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடவில்லை. 1931 கோடையில் ஜெர்மனியில் உள்ள கோட்டிங்கன் நகருக்குப் போய்ப் படித்தார். 1932-ல் டென்மார்க்கின் கோபன்கேகன் நகருக்குப் போய், விஞ்ஞானி நீல்ஸ் போரின் நிலையத்தில் ஏறக்குறைய ஓராண்டு இருந்தார். பல நாட்டு இளைஞர்கள் அங்கே கலகலப்பாகப் பழகினார்கள். அங்கேதான் அவருக்கு மனம் விட்டுப் பேச நண்பர்கள் கிடைத்தார்கள்.

கப்பல் பயணத்திலேயே அவர் போடத் தொடங்கிய விண்மீன் கணக்குப் பின்னர் உலகப் புகழ் பெற்றது. 1983-ல் நோபல் பரிசு பெற்றார். 84 வயது வரை வாழ்ந்தார்.

மூன்று பிள்ளைகளையும் பார்த்தோம். ஒருவர் தெருத் தெருவாகத் தேடித் தம்மைப்போன்றவர்களைக் கண்டுபிடித்தார். ஒருவர் நண்பர்கள் உள்ள ஊருக்குப் போனார். மூவரிலும் பெரிய கணித மேதையோ, கதவைச் சாத்திக்கொண்டு தனியே பொங்கித் தின்றார்.

நெய்வேலியும் ஜெர்மனியும்

இனி, நம் வடலூர்ப் பிள்ளையின் கதைக்கு வருவோம்.

ஜெர்மனி நம் வட்டாரத்துக்கு அந்நியம் அல்ல. 1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மண்ணை வாரிக் கொட்டும் இராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. அனல் மின் நிலையத்துக்கு உதவியது சோவியத்து ரஷ்யா. அதற்காக இங்கே வந்த வெளிநாட்டுப் பொறியாளர்களுக்கு நம் வெயில் புதிது. நம் சாம்பாரும் புதிது. அவர்களும் இங்கே பழகித்தானே இருந்தார்கள்?

ஜெர்மனியின் மேற்கே ஆகன் என்று ஒரு நகரம். பெயர் பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ள ஊர். அதன் அருகிலேயே நெய்வேலியைப்போன்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது! அங்கே போகிற நெய்வேலிப் பிள்ளைக்கு அந்தக் காட்சியாவது பழகியதாக இருக்கும்.

ஆனால், பழகாத விஷயங்கள் பல உண்டு. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடை இல்லை. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்கும் பிள்ளை, மறுநாள் முழுவதும் திண்டாடுவான். முதல் இரண்டு நாளுக்கு வேண்டியது கைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.

நெய், பால்கோவா, கருவாடு எதையும் கட்டிக் கொடுக்காதீர்கள். பால் பண்டங்களையும் மாமிசத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அங்கே தடை. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கருவாட்டைப்போன்ற மீன் வகைக்குத் தனி விதிகள் உண்டு; விசாரிக்காமல் கொடுத்தால் வீண் தொல்லை. பொடி வகைகள், பருப்பு, புளி ஆகியவை போதும்.

வீடுகளில் புகை வந்தால் கூவும் மணி இருக்கும். ஒற்றை அறையில் மிளகாய் தாளித்தால் அது அலறத் தொடங்கிவிடும்! சன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கச் சொல்லுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால், ஓராண்டுச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உரிய பணத்தை முன்கூட்டியே பாங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 2024-ல் அந்தத் தொகை 11,904 யூரோ என்று வைத்தார்கள். அதை மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். மருத்துவ இன்சூரன்சும் கட்டாயம்.

டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். காலை எட்டு மணிக்குமேல்தான் விடியும். மனத்தில் சோர்வு வருவது அந்த மாதங்களில்தான். அப்போது பிள்ளையை அடிக்கடி விசாரியுங்கள். நம் ஊரில் இரவு 8 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 3.30; கோடையில் 4.30.

என்ன கேட்க வேண்டும்?

ராமானுஜன் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேர வாரக் கணக்கில் ஆகும். இன்று செல்பேசியில் பிள்ளையின் முகத்தையே பார்த்துவிடலாம். "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்கலாம்.

ஆனால், "சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரியாதா?

அதனால், இனிமேல் வேறு ஒன்றும் கேளுங்கள். "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். நாலு நாள் தொடர்ந்து "தனியாகத்தான்" என்று பதில் வந்தால், அப்போது கவலைப்படுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர் உணவுக்கூடம் இருக்கிறது. விலை குறைவு, சைவச் சாப்பாடும் உண்டு. பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அங்கே போய் நாலு பேரோடு உட்காரச் சொல்லுங்கள்.

இந்தக் கதைகளை எல்லாம் வடலூரில் அந்தத் தாயாரிடம் சொன்னேன். பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ராமானுஜன் ரசம் பரிமாறிய கதையைக் கேட்டதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், அந்தப் புள்ளே! கூட உக்காந்து சாப்பிட ஆள் இல்லாமத்தானே அவ்வளவு தூரம் மனசு விட்டுப்போச்சு?" என்றார்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். திடீரென்று எழுந்தார். பெட்டியிலிருந்து அந்தச் சின்னக் குக்கரை வெளியே எடுத்து வைத்தார். சமையலறைக்குள் போய், தாம் அன்றாடம் புழங்கும் பெரிய குக்கரைக் கொண்டுவந்தார்.

"ஐயோ அம்மா! நான் ஒருத்தனுக்கு இவ்வளவு பெரிசு எதுக்கு?" என்றான் பிள்ளை.

"ஒருத்தனுக்குப் பொங்காதேடா. பக்கத்து ரூமுப் புள்ளே எந்த ஊரா இருந்தாலும் கூப்பிடு. நீ நாலு பேருக்குப் போட்டா, உனக்குப் பசிக்கிறப்போ நாலு கதவு திறக்கும்."

பெட்டியில் இடம் போதவில்லை. ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குக்கரை வைத்தார்கள். சட்டையைக் கையில் போட்டுக்கொண்டு போகிறேன் என்று பிள்ளை ஒத்துக்கொண்டான்.

வெளியே வந்தேன். தருமச்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.